பிள்ளை பெற்ற கை

"உன் கையாலயே ஊட்டிவுடு தேசம்மா."

தனகோட்டி கிணற்றடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாழையிலைத் துண்டில் மலைவேம்பு இலையை அரைத்து உருட்டிய மருந்து.

மீன்கூடையை இறக்கி வைத்த தேசம்மாவுக்குக் கை எழவில்லை.

ஆழ்வார்பேட்டையில் இந்த முதலியார் வீட்டுக்கு அவள் பால்சுறா கொண்டுவருவது, உள்ளே பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் தனகோட்டியின் ஓரகத்திக்காக. சுறாப் புட்டு தின்றால் தாய்க்குப் பால் ஊறும். ஆனால் அதைப் பிள்ளை இல்லாதவளிடம் வாங்கமாட்டார்கள். மலடி தொட்டால் சுறா கெட்டுவிடுமா என்ன? கெட்டுவிடும் என்றுதான் ஊர் சொல்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதனால் தேசம்மா ஒரு மகனைப் பெற்றாள், வாயால். மாசிலாமணி என்று பேரும் வைத்தாள். பிள்ளை பெற்ற வீடுகள்தான் அவளுக்குப் பிழைப்பு.

தனகோட்டி பாவம். அரசமரத்தைச் சுற்றியாயிற்று, அடிவயிற்றைத் தொட்டும் பார்த்தாயிற்று. ஆடிக்குள் ஒன்றும் ஆகாவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் சொல்லிவிட்டாள். நீ எதைத் தின்று பெற்றாய் என்று தனகோட்டி கெஞ்சியபோது மலைவேம்பைச் சொன்னது தேசம்மாதான்.

சொன்னவளே ஊட்டவும் வேண்டுமாம். பிள்ளை பெற்ற கையால் வாங்கித் தின்றால்தான் மருந்து பிடிக்குமாம்.

தேசம்மாவும் அதை நம்புகிறவள்தான். பெறாத கை பட்டால் அந்தப் பெண்ணின் மருந்து பாழ். ஊட்டமாட்டேன் என்றால், ஏன் என்பார்கள்.

"இன்னா, நின்னுக்கினே கீறே?" என்றாள் தனகோட்டி.

தேசம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் தூரமா கீறேம்மா. இன்னிக்குத்தான் ஆச்சு. தொடக்கூடாது."

அதற்கப்புறம் நடந்தது எதிர்பார்த்ததுதான். தீட்டோடு பிள்ளை பெற்ற வீட்டுக்குள் வந்தாளே என்று உள்ளேயிருந்து வந்த மாமியார் கூடையைக் காலால் எட்டித் தள்ளினாள். சுறா மண்ணில் புரண்டது. இனி இந்தத் தெருவிலேயே கால் வைக்காதே என்றாள். இவள் ஒருத்தி சொன்னால் ஆழ்வார்பேட்டை முழுக்கச் சொன்ன மாதிரி.

தனகோட்டி மருந்தை இலையில் மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் ஓடினாள். பச்சையம்மா ஆறு பெற்றவள். பிழைப்பு போனாலும் மருந்து பிழைத்தது என்று தேசம்மாவுக்கு மனசு ஆறியது. மண்ணைத் தட்டி மீனைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

லஸ் முனையில் டிராமுக்கு ஒதுங்கி நின்றபோது அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. கூடையை இறக்கிச் சுவரோரம் உட்கார்ந்தாள். தொடையில் ஈரம் இறங்கியது. கூடையிலிருந்து வடிந்த தண்ணீராக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் இல்லை.

இந்தத் தடவை நாள் தள்ளிப்போயிருந்தது, கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக. புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. போன மாசம் அவளும் மலைவேம்பைத்தான் அரைத்துத் தின்றிருந்தாள். அது பலித்துவிட்டது என்று நம்பித்தான் தனகோட்டிக்கும் சொன்னாள்.

மருந்து விஷயத்தில் மட்டும் தனகோட்டியிடம் பொய் சொல்லவில்லை என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.