அழுமூஞ்சி ஏறிய மேடு

“அப்பா, மேட்டைப் பார்த்தாலே நம்ம வண்டி ஏன் அழுவுது?”

மகள் நான்கு வயதில் கேட்ட கேள்வி அது. அன்றிலிருந்து அந்தக் குட்டி பிக்கப் வண்டிக்கு வீட்டில் ‘அழுமூஞ்சி’ என்றே பெயர். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வண்டி இன்னும் அழுகிறது.

இன்று அதன் பின்னால் ஒரு டிரெய்லர். அதில், கயிறு போட்டு இறுக்கிய ஆளுயர இரும்பு அடுப்பு. ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் அடுத்தவர் பேக்கரியில் கூலிக்கு ரொட்டி சுட்டே பாதி வயதைக் கழித்தவர்கள். அவர்களுடைய சொந்தக் கடை அந்த மலைமேட்டின் உச்சியில் காத்திருந்தது.

இடம் கொடுத்தவர் கறாராகச் சொல்லியிருந்தார்: “மதியத்துக்குள்ள அடுப்பு வந்து இறங்கணும். இல்லேன்னா இடம் வேற ஆளுக்கு.”

பேசி வைத்திருந்த பெரிய வண்டியோ கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது.

அடிவாரத்துப் பெட்ரோல் பங்க்கில், பெரிய மீசை வைத்த லாரி டிரைவர் ஒருவர் டிரெய்லரைச் சுற்றி வந்தார். ரொட்டிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார், எறும்பு யானையை இழுத்துக்கிட்டு எங்க கிளம்பிடுச்சு?”

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்ணே!”

“கல்லு தேயட்டும். நடுமேட்டுல மட்டும் நின்னுடாதீங்க. நின்னா இந்த எஞ்சின் மறுபடி இழுக்காது. பின்பக்கமாவே அடிவாரத்துக்கு வந்து சேருவீங்க.”

“நல்ல நாள்ல நல்ல வாக்கு! உங்க லாரியைப் போய்ப் பாருங்கண்ணே.”

மீசைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மேடு தொடங்கியது. முதல் கியர். அழுமூஞ்சி தன் பெயரைக் காப்பாற்றியது.

“என்னங்க, அந்த மீசைக்காரர் நம்ம பின்னாலேயே வர்றார்.”

கண்ணாடி முழுக்க லாரியின் முகம். பட்டப்பகலில் ஹெட்லைட் வேறு. ரொட்டிக்காரர் கையை வெளியே நீட்டி, போகச் சொல்லி வழிவிட்டார். லாரி போகவில்லை. ஒட்டிக்கொண்டே வந்தது.

“பார்த்தியா! வேணும்னே வம்புக்கு இழுக்கறார். ரெண்டு வார்த்தை பேசிட்டேன்ல, அந்தக் கோபம்.”

“நீங்க எதுக்கு வாயைக் கொடுத்தீங்க?”

“நானா? எறும்புன்னு சொன்னது யாரு?”

பாதி மேட்டில் மனைவி மூக்கைச் சுளித்தாள். “ஏதோ கருகுற வாசனை வருதுங்க. ஓரமா நிறுத்தி ஒரு நிமிஷம் ஆற விடலாமா?”

அவர் பிரேக்குக்குக் காலை நகர்த்தினார். பாம்ம்ம்! பின்னாலிருந்து வந்த ஹாரனில் இருவரும் இருக்கையிலிருந்து எழும்பி விழுந்தார்கள்.

“நிக்கக்கூட விடமாட்டேங்கறாரே, படுபாவி!” கோபத்தில் ஆக்ஸிலேட்டரையே மிதித்தார்.

அடுத்த வளைவில், மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. வந்தது தூரத்திலேயே ஓரங்கட்டி நின்றுகொண்டது.

“பாருங்க, நமக்காக ஒதுங்கி நிக்கறார்! தங்கமான மனுஷன்.”

“அழுமூஞ்சிக்கும் ஊர்ல ஒரு மரியாதை வந்துடுச்சு!” ரொட்டிக்காரர் பஸ்ஸுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

கடைசி வளைவு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமியது, குலுங்கியது, அடங்கிப்போனது.

ஒரு கணம் நிசப்தம். பிறகு வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பக்கத்தில் பள்ளம்.

“ஆண்டவா!” மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். பாரம் கேட்கவில்லை.

தொம்.

வண்டி நின்றது.

“பிடிச்சுக்கிச்சு! வாங்கின நாள்லேர்ந்து பிடிக்காத ஹேண்ட்பிரேக் இன்னிக்குப் பிடிச்சுக்கிச்சு!”

“அதைக் கொஞ்சறதை அப்புறம் வெச்சுக்கங்க! ஸ்டார்ட் பண்ணுங்க!”

சாவியைத் திருகினார். அழுமூஞ்சி அலறியது, முக்கியது, முனகியது... நகர்ந்தது! நகர்ந்தது மட்டுமா? இத்தனை நேரம் இல்லாத தெம்போடு மேலேறியது.

“கடவுளே வந்து தள்ளினாருங்க!” அவள் கண்ணில் நீர்.

“இழுக்காதுன்னாரே அந்த மீசை! இப்ப என்ன சொல்றார்?”

உச்சியில் இடக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். இன்னும் உச்சிக்கு வராத சூரியனைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். “கெட்டிக்கார ஆளுய்யா நீ. கதவைத் திறந்து விடறேன், இறக்கு.”

ரொட்டிக்காரர் அழுமூஞ்சியின் பானெட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்து உதட்டைச் சுட்டுக்கொண்டார். “அந்த லாரிக்காரர் மூஞ்சியை இப்ப பார்க்கணும் எனக்கு!”

“விடுங்க. பாவம், அவருக்கு என்ன அவசரமோ.”

கடைசி வளைவை ஒட்டிய, ஆளரவமில்லாத அகலமான இடத்தில் லாரி நின்றிருந்தது. மீசைக்காரர் இறங்கி, முன் பம்பரில் அடிவாரத்தில் அவசரமாகக் கட்டிய பழைய டயரை அவிழ்த்தார். ஒரு மழை நாளில் பிரேக் போய் அவருடைய லாரி இதே மேட்டில் பின்னால் வழுக்கியபோது, யாரோ ஒருவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போயிருந்தார். அந்த முகத்தை இன்றைக்குத்தான் பங்க்கில் மறுபடி கண்டார்.

டயரை உள்ளே போட்டுவிட்டு, மலைமேல் எந்த வேலையும் இல்லாத அந்தக் காலி லாரியைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே இறங்கினார்.