மஞ்சள் செருப்பு

"வந்துருச்சுடி, மகாராணியோட ரதம்."

ரதம் என்று ஓதிலியா சொன்னது ஒரு வெள்ளைக் காரை. பக்கத்து வீட்டு சுயாபாவை அழைத்துப்போக அது அடிக்கடி வரும். கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளே யார் என்று தெரியாது.

"ஆளு யாருக்கா?" கடைக்காரி மிர்தாலா எட்டிப் பார்த்தாள்.

"எவனோ வசதியானவன். கதவுக்குப் புதுப் பூட்டு, கையில புது போன், இப்ப கால்ல மஞ்சச் செருப்பு. பாத்தியா, வெள்ளைப் பூ வச்சது? நாம ரொட்டி சுட்டே சாகணும்."

சொல்லும்போதே ஓதிலியாவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதில் ஒளிவுமறைவு கிடையாது.

மகன் வில்மரை இதே தெருவில், பட்டப்பகலில் சுட்டுப்போட்டார்கள். அவன் சைக்கிள் இன்னும் வாசலில் நிற்கிறது. யாரையும் தொடவிடமாட்டாள். அன்றைக்குத் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. சம்பவம் நடந்தது சுயாபாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே. "நான் குளிச்சுக்கிட்டிருந்தேன், ஒண்ணும் பாக்கல" என்றுவிட்டாள் சுயாபா. அவளுக்கு வந்த வாழ்வைப் பார்த்தால் எரியாதா?

வழக்கு விசாரணைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அலுவலகத்திலிருந்து வந்த கார்லா, கோர்ட்டில் ஓதிலியாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஒரு சாட்சி இருக்காங்கம்மா. அடையாளம் தெரியாம மூடித்தான் கூட்டிட்டு வருவோம். குரலைக்கூட மாத்திடுவோம். யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

தலையோடு கால் மூடிய கறுப்பு அங்கியில் சாட்சி வந்து உட்கார்ந்தது. மெஷின் குரல் ஒன்று விடாமல் சொன்னது. வில்மர் கையெடுத்துக் கும்பிட்டதை. சுட்டவன் சிரித்ததை. சுட்டவன் பெயரை.

ஓதிலியா வாய்விட்டு அழுதாள். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு உயிருக்காவது தைரியம் இருந்ததே.

சாட்சி எழுந்தபோது அங்கி நாற்காலியில் மாட்டிக் கொஞ்சம் மேலே ஏறியது.

மஞ்சள் செருப்பு. வெள்ளைப் பூ.

ஓதிலியாவின் அழுகை நின்றுபோயிற்று. அந்தக் காரும் புதுப் பூட்டும் எதற்கென்று இப்போது புரிந்தது. திரும்பிப் பார்த்தாள். சுட்டவனின் அண்ணன் மெல்வின், பின் வரிசையிலிருந்து குனிந்து அதே காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மெல்வின் தெருவுக்குள் வந்தான். யாரிடமும் பேசவில்லை. பெண்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தான்.

குழாயடியில் தண்ணீர் பிடிப்பவள் காலில் மஞ்சள் செருப்பு. வெள்ளைப் பூ. தையல்காரி காலிலும் அதே. கடையில் மிர்தாலா காலிலும் அதே. ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்ற ஓதிலியா காலிலும் அதேதான்.

"என்ன இது?" என்றான்.

மிர்தாலா சிரித்தாள். "இந்தக்கா பண்ற கூத்து. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மட்டும் போட்டுட்டுத் திரியுறது பொறுக்கல. சான் பெத்ரோ சந்தையில இருந்து மூட்டையா வாங்கிட்டு வந்து நேத்து ராத்திரியே வீடு வீடாக் குடுத்துட்டாங்க."

"அவ மட்டும்தான் போடணுமா?" என்றாள் ஓதிலியா. "சந்தையில குவிச்சு வச்சு விக்கிறான். உங்கம்மாவுக்கு ஒரு ஜோடி தரட்டுமா?"

மெல்வின் கீழே துப்பிவிட்டுப் போனான்.

அப்போதுதான் சுயாபா வெளியே வந்தாள். தெருவில் இருந்த கால்களையெல்லாம் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மகாராணி பாக்குற? நாங்களும் போடுவோம்" என்று கத்தினாள் ஓதிலியா.

சுயாபாவின் கண் நிறைந்தது. உள்ளே போய்விட்டாள்.

"அழ வச்சுட்டியேக்கா. ஒரு செருப்புக்கு இவ்வளவு பொறாமையா?"

"ஆமாடி, என்னால தாங்க முடியல" என்றபடி ஓதிலியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவள் வாசலில் வில்மரின் சைக்கிள் இல்லாததைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை.