எதிரியின் புத்தி

ஒரு வாரமாகக் கோட்டை கட்டும் விளையாட்டில் கம்ப்யூட்டரிடம் தோற்று, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த மேனேஜர், இன்று ஒருவழியாக ஜெயித்துவிட்டார்.

படுக்கையறையிலிருந்து வந்த மனைவியிடம் மார்தட்டினார்.

"அதோட புத்தி பிடிபட்டுடுச்சு. முன்வாசல்ல நாலு வீரனை நிறுத்தினா போதும். மொத்தப் படையையும் அங்கே அனுப்பிட்டு, பின்வாசலைத் திறந்து போட்டுடுது. சுத்த மண்டு."

"அப்படியா? சரி, சாப்பிட வாங்க."

கைகழுவப் போனவர் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவின் போனை மகள் எட்டிப் பார்த்தாள். 'கம்ப்யூட்டர், உங்கள் கோட்டை வீழ்ந்தது' என்றிருந்தது.

"'கம்ப்யூட்டர்'னு பேர் வச்சுக்கிட்டு இத்தனை நாளா அப்பாகூட ஆடினது நீயா? இன்னிக்கு ஏம்மா வேணும்னே தோத்தே?"

"கம்ப்யூட்டர்கிட்ட தோத்ததுக்கே இந்த ஆட்டம். என்கிட்டன்னு தெரிஞ்சா வீடு தாங்குமாடி?"