பிணம் சிரிக்கும் வரை

மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று.

கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பேய்ப்படம். எடுப்பவர்கள் மூன்று பேர். மூன்று பேர் வயதைக் கூட்டினாலும் அவர் வயது வராது. கல்லூரியில் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட யாருமில்லாததால் தங்களுக்குள் ஒரு மேசையாகச் சேர்ந்துகொண்டவர்கள்.

நூறு வீட்டில் கேட்டார்களாம். பொய்ப் பிணத்தைக் கிடத்தக்கூட ஒருவரும் கூடத்தைத் தரவில்லை.

அவர் கூடத்தைக் கொடுத்தார். பிணத்தையும் கொடுத்தார்.

ஒன்பது வருடமாக அந்த வீட்டில் பேசிய ஒரே ஆள் தொலைக்காட்சி. இந்தப் பதினோரு நாளில் மூன்று பேரும் பேசிய பேச்சில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. குடித்த தேநீரை விட்டிருந்தால் வைகையில் வெள்ளம் வந்திருக்கும்.

இன்று கடைசி ஷாட்.

படத்தின் கதையில், உயிரோடிருந்தபோது யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பையன், செத்த பிறகு வீடு வீடாகப் போகிறான். எல்லோரும் அலறுகிறார்கள். ஒரு கிழவர் மட்டும் கதவைத் திறந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பிறகு அவரும் செத்துப்போகிறார். பையன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் பேயாக எழுந்து வரக் காத்திருக்கிறான்.

அவர் வருவதில்லை.

முதல் டேக்கில் பிணம் குறட்டை விட்டது.

இரண்டாவதில் தும்மியது. பஞ்சு கேமராவைத் தாண்டி அடுப்படியில் போய் விழுந்தது.

மூன்றாவதில், வாய்க்கட்டோடு, "ஜன்னலைச் சாத்தவாம்மா?" என்று கேட்டது.

"சார், நீங்க செத்துட்டீங்க. கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க," என்றாள் கேமராவுக்குப் பின்னாலிருந்த இர்ஃபானா. கதையும் அவளுடையதுதான்.

நான்காவது டேக்.

பேயாக நடிக்கும் கெவின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு வாய் திக்கும். அதனால் படம் முழுக்க அவனுக்கு வசனமே கிடையாது.

அவர் நெற்றியில் ஒரு கை படிந்தது.

"எ... எந்திரிங்க சார். இ... இனிமே நீங்களும் எங்க ஆளுதான்."

யாரும் கட் சொல்லவில்லை.

முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அவர் நுழைந்தால் பெட்டியே வாயை மூடிக்கொள்ளும். அவரைக் கண்டு கழிப்பறைக்குள் ஒளிந்தவர்களைச் சேர்த்தால் ஒரு மாவட்டம் தேறும்.

எங்கள் ஆள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

எழுந்துவிடலாம் போலிருந்தது.

எழவில்லை. கண்ணுக்குள் ஊறியதைக்கூட வெளியே விடவில்லை. உலகத்தில் எந்தப் பிணமும் அவ்வளவு ஒழுங்காகச் செத்துக் கிடந்ததில்லை.

"கட்."

இர்ஃபானா கேமராவை நிறுத்தினாள்.

பஞ்சை எடுத்தார்கள். கட்டுகளை அவிழ்த்தார்கள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிணமாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதை எடுத்தால்தான் படப்பிடிப்பு முடிந்ததாக அர்த்தம். சிரிக்காமல் விட்டால் அவருக்கு ஆகாது.

"ஒரே ஒரு சிரிப்பு சார். அப்புறம் நாங்க கிளம்பிருவோம்," என்றாள் ஒப்பனை செய்த தேன்மொழி. பெட்டிகள் வாசலில் இருந்தன. வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சிரிப்பு தொண்டையைத் தாண்டி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார்.

"சா... சார், விளையாடாதீங்க. பயமா இருக்கு," என்றான் கெவின்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெவின் வெளியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான்.

அவர் உதட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.