மத்தி எண்ணெய் நாள்

"பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கா மீன் எண்ணெய் டப்பாவைத் திறப்பாங்க? ஊர் உலகத்துல உண்டா இது?"

ஏலியாம்மா வீட்டு வாசலில் நின்று கத்தினாள். வர்க்கிச்சன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காயலோரக் கொட்டகையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, மத்தி எண்ணெயைத் தேங்காய் மட்டையில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் ரின்சி, முழங்கைவரை எண்ணெய்.

"நான் என்ன செய்யட்டும் ஏலி? மழை இன்னைக்குத்தான் விட்டிருக்கு. இந்த வெயிலை விட்டா அப்புறம் மரம் எண்ணெய் குடிக்காது."

"டவுன்ல வார்னிஷ் விக்கிறான். நாலு பேரைப் போல அதை வாங்கிப் பூசினா என்னவாம்?"

"அது மேலோட தோல் மாதிரி நிக்கும். தண்ணியில மரம் ஊதினா வெடிக்கும். அந்த வெடிப்புல தண்ணி பூந்து பலகை உள்ளுக்குள்ளயே அழுகும்."

"பலகை நல்லா இருக்கட்டும். உங்க மக கல்யாணம் ஆகாம இங்கேயே கிடக்கட்டும்."

வர்க்கிச்சன் மட்டையை மறுபடி எண்ணெயில் தொட்டார். பாவம், அவள் சொன்னதும் பொய்யில்லை. வந்த வரன்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'பொண்ணு இந்த வள்ளப் பட்டறை வேலையை விட்டுடணும்' என்றார்கள். ரின்சி மாட்டேன் என்றாள். தரகர் மாத்துக்குட்டியும் கையை விரித்துவிட்டார்; இன்று வருவதுதான் அவர் கொண்டுவரும் கடைசி வரன்.

"இந்த நாத்தத்தைத் தாங்காதவன் என்னை எப்படி அம்மச்சி தாங்குவான்?" என்றாள் ரின்சி.

"வியாக்கியானம் போதும். போய்க் கையைக் கழுவு."

கழுவ எங்கே நேரம்? அதற்குள் படகு வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக ஓர் இளைஞன் இறங்கினான். தனியாகத்தான் வந்திருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் தனியாக வந்து பார்ப்பதுதானே வழக்கம் என்று ஏலியாம்மா நினைத்துக்கொண்டாள்.

"வா மோனே, வா. வீட்டுக்குள்ள உட்காரு, அங்கே வாசம் தெரியாது."

"பரவாயில்லை சேச்சி, வேலை நடக்கிற இடத்துக்கே போறேன்," என்று அவன் நேரே கொட்டகைக்கு நடந்தான்.

போச்சு என்று நெஞ்சில் கை வைத்தாள் ஏலியாம்மா. சாயா போடப் போனவள், அடுப்பை விட்டுச் சமையலறை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

"இந்தப் பலகைக்கு எத்தனை வயசு?" அவன் கேட்பது காதில் விழுந்தது.

"எனக்கு மூத்தது," என்றாள் ரின்சி.

அவன் பலகையைத் தடவிப் பார்த்தான். "ஒரு கீறல்கூட இல்லையே. முந்திரிக்கொட்டை எண்ணெய் போட்டா இப்படி நிக்காதா?"

"நிக்கும். அந்தத் தோட்டுப் பால் பட்டா கைதான் வெந்துபோகும். வேணும்னா நீங்க பூசிக் காட்டுங்க, நாங்க பார்த்துக்கிட்டு நிக்கிறோம்."

அவன் சிரித்தபடி சட்டைக் கையை மடித்து ஒரு மட்டையை எடுத்தான்.

"என்ன இது, பூனைக்குட்டியைத் தடவுற மாதிரி? மரத்தோட நார் போற வழியில அழுத்தித் தேய்ங்க."

ஐயோ, இந்த வாயை வைத்துக்கொண்டு... என்று ஏலியாம்மா பல்லைக் கடித்தாள். ஆனால் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சொன்னபடியே தேய்த்தான். கொஞ்ச நேரத்தில் வர்க்கிச்சன் ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். கொட்டகையில் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வரன் வந்த நாளில் மகள் சிரித்து ஏலியாம்மா கேட்டதே இல்லை. தட்டில் அச்சப்பம் அப்படியே இருந்தது. சாயாவில் ஆடை படிந்தது. கூப்பிட்டால் கலைந்துவிடுமோ என்று அவள் கூப்பிடவில்லை.

போன் அடித்தது. தரகர்தான்.

"சேச்சி, மன்னிக்கணும்..."

"எதுக்கு மன்னிப்பு, மாத்துக்குட்டி? பையன் தங்கம். வந்ததும் வராததுமா வேலையில இறங்கிட்டான்."

"எந்தப் பையன் சேச்சி? அவங்க எல்லாரும் படகுத்துறையோட திரும்பிட்டாங்களே. நாத்தம் தாங்கலையாம்."

ஏலியாம்மா போனைப் பிடித்தபடியே கொட்டகைக்கு ஓடினாள்.

"மோனே, அப்போ நீ யாரு?"

அவன் எண்ணெய் சொட்டும் கையோடு திகைத்து எழுந்தான். ரின்சிதான் பதில் சொன்னாள்.

"வார்னிஷ் விக்க வந்தவரு அம்மச்சி. இப்போ, ரெண்டாவது பூச்சுக்கு நாளைக்கும் வரட்டுமான்னு அப்பச்சன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்காரு."