புல்லட்டின் க்ளெய்ம்

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு சபரீஷ் அழைப்பு மணியை அழுத்தினான். அட்டையில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் பொய், பதவியும் பொய். போட்டோ மட்டும்தான் நிஜம்.

அவன் செய்வது நாய்த் திருட்டு. தொழில் என்று சொல்லிக்கொண்டாலும் இதுவரை கைராசி இல்லை. வடவள்ளியில் ஒரு பொமரேனியனைத் தூக்கப்போய்த் தொடையில் ஐந்து தையல். சிங்காநல்லூரில் கையும் களவுமாகப் பிடிபட்டான். "இன்னொரு தடவை சிக்கினா நேரா ஜெயில்தான்" என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

அதனால் இந்தத் தடவை புத்தியோடு கிளம்பியிருந்தான். போன மாதம் நாய் ஆஸ்பத்திரியில் புவனா என்ற அம்மாள் ஊருக்கே கேட்கும்படி புலம்பியது அவன் காதில் விழுந்திருந்தது. அவர்கள் வீட்டு செயின்ட் பெர்னார்டு, பெயர் புல்லட், ஒரு ஜோடி செருப்பைத் தின்றுவிட்டதாம். வயிற்றைக் கிழித்து எடுத்தார்களாம். மூன்று வருஷமாகத் தவறாமல் பிரீமியம் கட்டியும், செருப்புத் தின்பது பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த பழக்கம் என்று கம்பெனி கையை விரித்துவிட்டதாம்.

கதவைத் திறந்தவர் புவனாவின் கணவர் லட்சுமணசாமி. கணபதி ஏரியாவில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர்.

"இன்சூரன்ஸ் ஆபீசுல இருந்து வாரேனுங்க" என்றான் சபரீஷ். "உங்க பழைய க்ளெய்மை மறுபடி எடுத்திருக்கோம். எங்க டாக்டர் நாயை ஒருக்கா பார்த்துட்டா பாஸ் ஆயிருமுங்க. மூணே நாள்ல கொண்டாந்து விட்டுருவோம்."

லட்சுமணசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். புவனா கணவரைப் பார்த்தாள். சபரீஷ் அட்டையை இன்னொரு தடவை சரிசெய்துகொண்டான்.

"நாயைங்களா?" என்றாள் புவனா மெதுவாக. "நாயையே கூட்டிட்டுப் போகோணுமுங்களா?"

"ஆமாங்க. நேர்ல பார்க்காம எப்படிங்க..."

"அட, அதுக்கென்னங்க! உள்ள வாங்க, உக்காருங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனார் லட்சுமணசாமி. காந்திபுரத்தில் அலைந்து திரிந்து அடித்த அந்த அட்டையை ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சபரீஷுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

காப்பி வந்தது. பின்னாலேயே நெய் வழியும் ஒப்புட்டுப் போளி இரண்டு வந்தன.

"எங்கய்யன் மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தாருங்க" என்றார் லட்சுமணசாமி. "மாடு செத்தா, கம்பெனிக்காரன் நம்பர் போட்டு மாட்டிவிட்ட தோட்டோட காதை அறுத்துட்டுப் போனாத்தான் காசு. நாய்க்கு அப்படி ஏதாச்சும் அறுக்கோணுமுங்களா?"

"சேச்சே, முழுசாவே எடுத்துக்கிறோமுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. இத்தனை வெள்ளந்தியான மனுஷர்களை ஏமாற்றுகிறோமே என்று இரண்டாவது ஒப்புட்டைத் தட்டிலேயே வைத்தான். பாவம் ஒரு பக்கம், பாலக்காட்டில் நாயை வாங்கக் காத்திருக்கும் ஆள் ஒரு பக்கம். கடைசியில் அதையும் எடுத்துத் தின்றான்.

புல்லட் பின்கட்டு அறையில் இருந்தது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏசி போட்டு, டீவியை அலறவிட்டிருந்தார்கள். பாதி தின்று முடித்த பவானி ஜமுக்காளத்தின் மேல் கன்றுக்குட்டி அளவுக்குப் படுத்திருந்தது அது. கொடுத்துவைத்த நாய் என்று நினைத்துக்கொண்டான்.

நாய்க்கு எழுந்திருக்க மனமில்லை. லட்சுமணசாமி முன்னால் இழுக்க, சபரீஷ் பின்னால் தள்ள, ஒருவழியாக ஆம்னி வேனுக்குள் ஏற்றினார்கள். புவனா நாயின் தட்டு, சீப்பு, மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த ஜமுக்காளத்தை வேன் ஜன்னலில் திரையாகக் கட்டியும் விட்டாள்.

"வெயில் பட்டா தாங்காதுங்க" என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள நம்ம தெருவத் தாண்டிருங்க கண்ணு."

"ஆகட்டுங்க."

"மூணு நாள்னு அவசரப்பட வேண்டாமுங்க" என்றார் லட்சுமணசாமி. "டாக்டர் நெதானமாவே பார்க்கட்டும்."

புவனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அங்கே நின்றால் உண்மையைச் சொல்லிவிடுவோமோ என்று சபரீஷுக்குப் பயம் வந்துவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

தெருமுனை திரும்பும்போது, பைக்கில் வந்த ஒருவர் கையைக் காட்டி வேனை நிறுத்தினார். கழுத்தில் அட்டை, தோளில் பை. பிடிபட்டோம் என்றே முடிவு செய்துவிட்டான்.

"ஏனுங்க, லட்சுமணசாமிங்கிறவர் ஊடு எதுங்க?"

போன உயிர் திரும்பி வந்தது. "அந்தப் பச்சை கேட்டுங்க" என்று காட்டினான். வந்த உற்சாகத்தில் சும்மா இருக்காமல், "என்ன விசேஷமுங்க?" என்றும் கேட்டுவைத்தான்.

"இன்சூரன்ஸ் கம்பெனிங்க, அவரோட புல்லட்டுங்கிற நாயி பத்து நாளைக்கு முன்னாடியே திருடுபோயிருச்சுன்னு க்ளெய்ம் போட்டிருக்காரு, அதை விசாரிக்க இன்னிக்குப் பத்தரைக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன்."