படலுக்கு வந்த பூட்டு

நேசம்மாளின் தோட்டத்து மூங்கில் படலைத் தாண்டித்தான் சூசையின் தேனீப் பெட்டிகள் இருந்தன. பெட்டி திறக்கிற நாளில், "அக்கா, கொடித்துணியை எடுத்துருங்க, ஈ கறையாக்கிடும்" என்று அவன் குரல் கொடுப்பான். அவள் துணியை எடுத்துக்கொண்டே அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவாள். படலுக்கு அந்தப் பேச்சென்றால் உயிர்.

ஒருநாள் அவன் சொல்ல மறந்து பெட்டியைத் திறந்தான். அவள் முகத்தில் நாலு கொட்டு. மறுநாளே படலில் பூட்டு வந்தது. அதுவரை படல் வழியாகப் போய்வந்த சூசை சுற்றுவழியில் போனான்.

"இனி இந்த வழியா ஒருத்தன் வரமாட்டான்" என்றது பூட்டு.

"தெரியும்" என்றது படல்.

மாசியில் ஒரு தேனீக்கூட்டம் கிளம்பி வந்து பூட்டின்மேலேயே கொத்தாக அடைந்தது. நேசம்மாளின் சத்தம் கேட்டு, சூசை அந்தப் பக்கம் ஓடிவந்து படலுக்கு மேலாகக் காலிப் பெட்டியை நீட்டினான்.

"பூட்டு உங்க பக்கம் இருக்கு, எனக்கு எட்டாது அக்கா. பூட்டுக்கு மேலே பிடிங்க, தானா ஏறிரும்."

அவள் பெட்டியை வாங்கிப் பிடித்தாள். அவன் பேச்சுக் கொடுத்தான்.

வெயில் சாய்ந்தது. "ஈயெல்லாம் எப்பவோ ஏறிருச்சே, இன்னும் ஏன் நிக்கிறாங்க?" என்றது பூட்டு.

"பேசாம இரு" என்றது படல். "கேட்டு ரொம்ப நாளாச்சு."